மூன்றாவது ஆளுக்கு என்ன வேண்டும்?

திரையின் நடுவில் சின்னதாக ஒரு கிழிசல். ஒற்றைக் கண் வைத்துப் பார்க்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாடகம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தபோது, அதில் கண்ணை வைத்தேன். பேசாமல் மேக்கப் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கலாம்.

மூன்றாவது வரிசையில் என் மகன் பிரபு. பெங்களூரு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தான். மடியில் பை, முகத்தில் தூக்கம். அவன் வருவான் என்று தெரியும். அதற்கே இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெட்டிவிட்ட முடி, பச்சைச் சட்டை. போட்டோவில் பார்த்த முகம். என்னோடு நடிக்கும் அந்துவான் சாரின் மகள் சில்வி. பிரான்சில் இருக்க வேண்டியவள்.

என் பின்னால் மீசைப் பசை வாசனை வந்தது. அந்துவான் சார் கேப்டன் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"யார் வந்திருக்காங்க?"

"உங்க பொண்ணு வந்திருக்கு, சார்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வலது கையைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டார்.

"வர்றேன்னு சொல்லவே இல்லையே" என்றார்.

அவருக்கே சொல்லாமல் இத்தனை தூரம் ஒரு பெண் எதற்கு வருவாள்? என்னைப் பார்க்கத்தான். இந்த அம்மா யார், எங்கப்பாவிடம் இவளுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கத்தான்.

மணி அடித்தார்கள்.

கண் ஆஸ்பத்திரிக் குரல்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற ஒரு அம்மா, "உங்கள் முதல் கணவர் போனதைப் பற்றி எழுதினீர்கள், இரண்டாவது கல்யாணத்தை மட்டும் ஏன் ஒரு வரியில் தாண்டிப் போனீர்கள்?" என்று கேட்டிருந்தார். தாண்டிப் போகக் காரணம் உண்டு. எங்கே தொடங்கினாலும் அது ஒரு நாடகத்தில் போய் நிற்கும். நாடகத்தில் ஆரம்பித்த கல்யாணம் என்றால் யார் நம்புவார்கள்?

அப்போது எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை. டோக்கன் எண்ணையும் பெயரையும் சொல்லி நோயாளிகளைக் கூப்பிட வேண்டும். கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு மூடியபடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் குரல்தான் வழி.

யாழினி தன் அம்மாவின் புரை ஆபரேஷனுக்காக வந்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயசிருக்கும். நாடகம் படித்தவள். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "அக்கா, உங்க குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குது. நடிக்க வர்றீங்களா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தபோது, உள்ளே ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிரபு வேலை கிடைத்துப் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. அவன் ஏழாவது படிக்கும்போதே அவன் அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தம் என்றால் பிரபுவின் சத்தம்தான்.

அடுத்த ஞாயிறு ஒத்திகைக்குப் போய்விட்டேன்.

வீடு, கடை, கேப்டன்

யாழினி எடுத்துக்கொண்டது பழங்காலத்துப் பிரெஞ்சுப் பாணியில் ஒரு காதல் நாடகம். சிரிக்க வைக்கிற நாடகம். ஆட்களுக்கு நம்ம ஊர்ப் பெயர் வைத்துத் தமிழில் எழுதியிருந்தாள்.

கதை சிக்கலில்லாதது. அம்சவேணி ஒரு பணக்கார விதவை. அவளைக் கட்டிக்கொள்ள மூன்று பேர் அலைகிறார்கள். முதல் ஆளுக்கு அவள் வீட்டின் மேல் கண். இரண்டாவது ஆளுக்கு அவள் துணிக்கடை மேல் கண். மூன்றாவது ஆள் சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒரு கேப்டன். அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஊரே அவர் மேல்தான் அதிகமாகச் சந்தேகப்படும். அம்சவேணியின் வேலைக்காரப் பெண் ஒரு காட்சி முழுக்க அவர் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போய்த் துப்பறிவாள்.

நான் அம்சவேணி. அந்துவான் சார் கேப்டன்.

அவர் நிஜமாகவே பட்டாளத்துக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள், கூப்பிடும்போது 'முசியே'. மனைவி இறந்த பிறகு பிரான்சில் இருக்கப் பிடிக்காமல் குருசுக்குப்பம் வீட்டுக்குத் திரும்பிவிட்டவர். அறுபதுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார், டீ கொண்டு வரும் பையனைக்கூட.

யாழினியிடம் ஒரு பழக்கம். வசனம் மனப்பாடமா என்று கேட்கவே மாட்டாள். "ஏன்?" என்றுதான் கேட்பாள்.

"அக்கா, அம்சவேணி கேப்டனைப் பார்த்தா மட்டும் ஏன் சிடுசிடுன்னு விழறா?"

"பிடிக்கல. அதான்."

"வீட்டு மேல கண்ணு வெச்சவனையும் அவளுக்குப் பிடிக்கல. அவனுக்குக் காபி குடுக்கறாளே?"

ஒரு வாரம் டோக்கன் எண்களுக்கு நடுவில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு போய், "அவளுக்குப் பயம்" என்றேன்.

"எதுக்குப் பயம்?"

"மத்த ரெண்டு பேருக்கும் வேணாம்னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கலாம். இவருக்கு வேணாம்னு சொன்னா தூக்கம் வராது."

யாழினி என்னையே பார்த்தாள். பிறகு அந்துவான் சார் பக்கம் திரும்பினாள். "சார், கேப்டனுக்கு என்ன வேணும்?"

"அவங்கதான் வேணும்."

"அது மேல தெரியறது. உள்ளுக்குள்ள இன்னொண்ணு இருக்கும். அத வெச்சுத்தான் நடிக்கணும்."

அவர் வலது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "யோசிச்சு சொல்றேன்மா" என்றார். கடைசி வரை சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வார்த்தை

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் மாப்பிள்ளை என்றால் சம்பளம் கேட்பார்கள், சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்பார்கள். புதுச்சேரியில் அதற்கு முன்னால் தணிந்த குரலில் ஒன்று கேட்பார்கள். "நேஷனாலிட்டி இருக்கா?" பிரெஞ்சுக் குடியுரிமையைத்தான் அப்படிச் சொல்வது. அது இருக்கிற வீட்டில் கல்யாணம் நடந்தால், பெண்ணோ மாப்பிள்ளையோ எதற்காகச் சம்மதித்தார்கள் என்று ஊர் கேட்காது. தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு அம்மா இருந்தார். சொல்தாவைக் கட்டிக்கொண்டவர். கணவர் நடமாட்டம் இல்லாமல் படுத்த பிறகு வருஷக்கணக்கில் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டார். கணவர் இறந்த அன்று என் அம்மாவோடு போயிருந்தேன். அந்த அம்மா சுவரில் சாய்ந்து வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அழக்கூடத் தெம்பில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"இனிமே பென்ஷன் இவளுக்குத்தான."

"அதுக்குத்தான இத்தினி வருஷம்."

அந்தக் குரல் எனக்கு மறக்கவே இல்லை. அதில் கோபம் இல்லை, பொறாமைகூட இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்கள்.

இறால் கடை முன்னால்

ஒத்திகை முடிந்து ஞாயிறு மதியம் பெரிய மார்க்கெட் வழியாகத்தான் போவோம். நான் காய் வாங்குவேன், அவர் மீன் வாங்குவார். இடது கையில் பை. அப்படி எத்தனை ஞாயிறு நடந்திருப்போம் என்று தெரியாது. அவர் அதிகம் பேச மாட்டார். கூட்டத்தில் யாராவது மூட்டையோடு வந்தால் என்னைச் சுவர் பக்கம் விட்டுவிட்டு, தான் வெளிப்பக்கம் நடப்பார். அவ்வளவுதான்.

நாடகத்துக்கு மூன்று வாரமோ என்னமோ இருந்தது. மீன் வரிசையில் தரையெல்லாம் ஈரம். வைத்திக்குப்பத்து அம்மா ஒருத்தி இறாலைக் குவித்து வைத்திருந்தாள்.

"ராஜி, உங்களை ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க சார்."

"நாடகம் முடிஞ்சிட்டா நாம என்ன பண்ணப் போறோம்?"

"யாழினி வேற ஏதாச்சும் போடுவா."

"அதக் கேக்கல." என் பக்கம் திரும்பினார். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

தராசைக் கையில் பிடித்தபடி மீன்கார அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "முசியே, அரைக் கிலோவா, ஒரு கிலோவா? கல்யாணம்னா ஒரு கிலோவே போடறேன்."

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "நாடகம் முடியட்டும் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். காந்தி வீதிக்கு வந்த பிறகுதான் என் கத்தரிக்காய்ப் பையை அங்கேயே வைத்துவிட்டது தெரிந்தது.

மார்க்கெட்டில் ஒரு பேச்சு விழுந்தால் அது நமக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். 'இந்த வயசிலா' என்பார்கள், 'வேற மதமாச்சே' என்பார்கள், எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அண்ணன் தரையைப் பார்த்தார். அண்ணிதான் கேட்டார்.

"அவருக்கு நேஷனாலிட்டி இருக்கா?"

"இருக்கு அண்ணி."

அண்ணி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பூரிப்பு. "ராஜி! உன்ன வாயில்லாப் பூச்சின்னு நெனச்சனே. காரியக்காரிதான் நீ. இரு, காபி போடறேன்."

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். இந்தப் பாராட்டுக்கு என்ன சொல்வது? காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தச் சாவு வீட்டுக் குரல் கூடவே வந்தது.

பிரபுவுக்குப் போனில் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று, "இருக்கியாப்பா?" என்றேன்.

"இருக்கேம்மா. நாடகத்துக்கு வர்றேன். நேர்ல பேசிக்கலாம்."

'பேசலாம்' என்று சொல்லவில்லை, 'பேசிக்கலாம்' என்றான். அந்த ஒரு 'க்'கை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மருகினேன் என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

மேடையில்

முதல் இரண்டு காட்சியும் நன்றாகவே போயின. ஜனம் சிரித்தது. வேலைக்காரப் பெண் கேப்டனின் பின்னால் தூண் தூணாக ஒளிந்து போனபோது விசில்கூட வந்தது. எனக்குத்தான் எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாது என்பதிலேயே கவனமாக இருந்தேன்.

கடைசிக் காட்சி. அம்சவேணி கேப்டனை நேருக்கு நேர் கேட்க வேண்டும்.

"அவருக்கு என் வீடு வேண்டும். இவருக்கு என் கடை வேண்டும். உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

"அவர்கள் வரும்போது உங்கள் கதவு மெதுவாகத் திறக்கிறது. நான் வந்தால் மட்டும் படாரென்று சாத்திக்கொள்கிறது. அது ஏன் என்று தெரிய வேண்டும், அம்மணி."

ஜனம் சிரித்து ஓய வேண்டும். அதன் பிறகு நான் ஒரு வரி சொல்ல வேண்டும். "இப்போது திறந்துதான் இருக்கிறது." அவ்வளவுதான்.

அந்த வரி எனக்கு வரவில்லை.

மறந்துபோகவில்லை. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் நாடகத்தில் மட்டும் சொன்னதாக ஆகாது என்று தோன்றிவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு, அவர் மகளும் என் மகனும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சரி என்று சொன்னதாகிவிடும். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். ஓரத்திலிருந்து யாழினி அந்த வரியைக் கிசுகிசுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அந்துவான் சார் ஒரு அடி முன்னால் வந்தார். நாடகத்தில் அது கிடையாது. கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்து என் பக்கம் நீட்டினார். அந்தக் கை ஆடியது. இலேசாக இல்லை, பிடிக்க முடியாத ஆட்டம். கட்டை விரல் சுட்டு விரலில் உரசி உரசி, எதையோ உருட்டுகிற மாதிரி.

மகளைப் பார்த்த பதற்றம் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. வரி தானாக வந்துவிட்டது.

கைதட்டல் எழுந்தது. யாழினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, அந்த மௌனம்! எங்க புடிச்சீங்க அத?"

நான் எங்கும் பிடிக்கவில்லை.

பாதாம் மரத்தடியில்

வெளியே முற்றத்தில் பாதாம் மரத்தடியில் சில்வி காத்திருந்தாள். மேக்கப்பைக்கூடத் துடைக்காமல் போய் நின்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கொட்டிவிட்டேன்.

"இத பாரும்மா, எனக்கு உங்க நாடு வேணாம். எந்தப் பேப்பரும் வேணாம். எனக்கு வேலை இருக்கு, என் வீடு இருக்கு. அப்பாகிட்டயும் நான் இன்னும் சரின்னு சொல்லல. நீ மனசுல எதுவும் வெச்சுக்காத."

அவள் திகைத்துப் போனாள். வீட்டில் பேசிப் பழகிய தமிழ், கொஞ்சம் பிரெஞ்சு இழுப்போடு.

"மதாம், நான் உங்கமேல சந்தேகப்பட்டு வரல. அப்பாமேல சந்தேகப்பட்டு வந்தேன்."

"அப்பா மேலயா?"

"அவரோட கையப் பத்தி உங்ககிட்ட சொன்னாரா?"

நான் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். போன தடவை அவர் பிரான்சுக்குப் போயிருந்தபோது டாக்டர்கள் பார்த்துச் சொன்னார்களாம். பார்க்கின்சன். மெதுவாகத்தான் வளரும். மருந்து இருக்கிறது, ஆனால் அடியோடு போகாது.

"என்னோட வந்து இருங்கன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டார். திடீர்னு போன் பண்ணி, கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னார். வியாதியப் பத்தி உங்ககிட்ட சொல்லிட்டாரான்னு கேட்டேன். பேச்ச மாத்திட்டார். எனக்கு பயம் வந்துடுச்சு. அவருக்கு உங்கமேல பிரியமா, இல்ல பாத்துக்க ஒரு ஆள் வேணுமா? உங்களுக்குத் தெரியாம உங்கள இதுல இழுக்கக் கூடாது இல்ல?"

இத்தனை நாளும் ஊர் என்னை என்ன நினைக்கும் என்று குமைந்துகொண்டிருந்தேன். அவர் மனசில் என்ன என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

பிரபு வாசலில் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்கு நடந்தே போனோம். நான் பயந்த அளவுக்கு அவன் எதுவும் சொல்லவில்லை.

"அத்தை எனக்குப் போன் பண்ணி, 'உங்கம்மா சாமர்த்தியசாலிடா'ன்னாங்க. அசிங்கமா இருந்துதும்மா."

"நீயும் அப்படித்தான் நெனச்சியா?"

"ஒரு ராத்திரி நெனச்சேன்." கொஞ்ச தூரம் போனதும், "அப்பறம், நீ எதுக்குமே சாமர்த்தியம் பண்ணினதில்லையேன்னு தோணிச்சு" என்றான். "உனக்கு வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"தெரியலப்பா" என்றேன். சில்வி சொன்னதையும் சொன்னேன். அவன் நின்றுவிட்டான். அதற்கப்புறம் வீடு வரைக்கும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான், சின்னப் பிள்ளையில் நடந்த மாதிரி.

இரண்டும்தான்

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டுக் குருசுக்குப்பம் போனேன். அந்துவான் சார் ஷேவ் செய்துகொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சில்வி தன் தோள்பையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

"ஏன் சார் சொல்லல?"

"சொன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும். பயந்து வேணாம்பீங்க. இல்ல, பரிதாபப்பட்டு சரிம்பீங்க. எனக்கு ரெண்டுமே வேணாம்."

"அதுக்காக? தெரியாம என்னக் கட்டிக்கிட்டு, அப்பறம் ஒரு நாள் பட்டன் போட்டு விடுன்னு கேப்பீங்களா?" என் குரல் ஏறிவிட்டது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். தெருவில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். "ஊரெல்லாம் நான் எதுக்கு உங்கள வளைச்சேன்னு பேசுது சார். நீங்க எதுக்கு என்னக் கேட்டீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நான் கேக்கறேன். எதுக்கு?"

அவர் மெதுவாக உட்கார்ந்தார். கையை ஒளிக்கவில்லை. அது மேஜை மேல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டும்தான் ராஜி. பயமும் இருக்கு. தனியா விழுந்து கெடந்தா யார் பாப்பாங்கன்னு பயம். பிரியமும் இருக்கு. ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இருக்கு. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லுங்கன்னா எனக்குத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன்."

'பிரியம் மட்டும்தான்' என்று சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லாததால்தான் உட்கார்ந்தேன்.

உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பல மாதம் ஆனது. நரம்பு டாக்டரிடம் அவரோடு நானும் போனேன். எதிர் நாற்காலியில் ஒரு அம்மா தன் கணவரின் வாயோரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார், பேச்சை நிறுத்தாமல், பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. என்னால் இது முடியுமா என்று பயமாக இருந்தது. முடியும் என்று எந்த நாளும் உறுதியாகத் தோன்றவில்லை. ஆனால் அவர் தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. சரி என்று சொல்வதற்கு எனக்குக் கிடைத்த காரணம் இதுதான்.

ஒரு நிபந்தனை வைத்தேன். கல்யாணத்தைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் பதியக் கூடாது. நேஷனாலிட்டி பேச்சே வரக் கூடாது.

முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. "யாரோ நாலு பேர் பேசுவாங்கன்னு என் பொண்டாட்டிய நான் மறைச்சு வெக்கணுமா? நான் போனா உங்களுக்கு வரவேண்டியது வரணும். பதிவேன். அங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

சாவு வீட்டில் சுவரில் சாய்ந்திருந்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஊர் என்ன சொன்னது என்பது அவருக்கு ஒரு நாளும் தெரிந்திருக்காது. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று அன்றைக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. சும்மா தலையை மட்டும் ஆட்டினேன்.

அது பழைய கை

நோட்டீஸ் ஒட்டி, சட்டப்படி காத்திருக்க வேண்டிய நாளெல்லாம் காத்திருந்து, ஒரு காலை நேரம் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். பிரபு, யாழினி, அண்ணன், மூன்று பேரும் சாட்சிக்கு. அண்ணியும் வந்திருந்தார். அண்ணி பட்டுப்புடவையில் இருந்தார். சில்வி யாழினியின் கைபேசித் திரையில் இருந்தாள்.

எங்களுக்குப் பின்னால் மாலையும் கையுமாக இன்னொரு ஜோடி. அவர்களோடு ஒரு வேன் நிறைய ஜனம்.

கிளார்க் பதிவேட்டைத் திருப்பி, கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். அந்துவான் சார் பேனாவை எடுத்தார். மருந்து சாப்பிட்டு வந்திருந்தும் கை அன்றைக்குக் கேட்கவில்லை. எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போய் எங்கேயோ முடிந்தது.

கிளார்க் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். "இதுல இருக்கற கையெழுத்து வேற மாதிரி இருக்கே சார்."

"அது பழைய கைங்க" என்றார் அந்துவான் சார்.

"இன்னொரு தடவை பாருங்க. மேல ஆபீஸர் கேப்பாரு."

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அண்ணி என் காதருகே வந்து, "நீ கையைப் புடிச்சுக் குடேன், ராஜி" என்றார். நான் பிடிக்கவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்டால் பிடிக்கலாம். இங்கேயே நின்றுபோய்விடுமோ, வேறொரு நாள் வரச் சொல்வார்களோ, அந்த வேறொரு நாள் இந்தக் கை இன்னும் மோசமாகியிருக்குமோ?

அவர் இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அறையே அவர் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளார்க் குனிந்து பார்த்தார். போட்டோவையும் முகத்தையும் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு, "சரி, போதும்" என்றார்.

பேனா என்னிடம் வந்தது. அவர் வியர்வையில் ஈரமாக இருந்தது. தினமும் வேலையில் போடுகிற கையெழுத்து. கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். அன்றைக்கு முதல் எழுத்தே இரண்டாக உடைந்தது. மிச்சம் அதன் பின்னால் தள்ளாடிக்கொண்டு போனது.

கிளார்க் என் கையெழுத்தைப் பார்த்தார். அவருடையதைப் பார்த்தார். "அம்மாவுக்கும் அதே வியாதியா?"

"இல்ல சார்" என்றேன். "எனக்குப் பயம்."

அந்துவான் சார் வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை கூட்டத்தில் அவர் ஒருவர்தான் சிரித்தார். கிளார்க் முத்திரையைக் குத்திவிட்டு, அடுத்த ஜோடியின் பெயரைக் கூப்பிட்டார். நாங்கள் நாற்காலியைக் காலி செய்தோம்.